அறிதலும் ஆளுதலும்

பிறரது மொழியைக் கற்பது அவரை மதிப்பதற்கு அடையாளம் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். ஆயின் வரலாறு இவ்வெண்ணத்துக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. வேட்டுவனும் மானின் தடத்தை நன்கறிவான். அவ்வறிவு அன்பின்பாற் பட்டதன்று. ஆள்வதற்காகத் தேடப்பட்ட அறிவு மெய்யறிவாதல் கூடுமா, அன்றி என்றும் ஆட்சியின் கருவியாகவே எஞ்சுமா? ஆசிய, ஆபிரிக்க மொழிகளையும் பண்பாடுகளையும் பல்கலைக்கழகங்களிற் பயில்வோர் தவிர்க்கவியலாத அறவியல் வினா இது.

இவ்வினாவை ஆராய்தற்கு இலண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆபிரிக்கக் கற்கைகள் கல்லூரி தக்கதோர் உரைகல்லாகும். 1916இல் அரச சாசனம் பெற்று, 1917இல் திறந்துவைக்கப்பட்ட அந்நிறுவனம் 1938இலேயே ஆபிரிக்காவைத் தன் பெயரிற் சேர்த்துக்கொண்டது. பேரரசின் நிருவாகிகளும் வணிகரும் படையினரும் சமயப் பணியாளரும் தாம் செல்லவிருந்த நாடுகளின் மொழிகளை முன்னரே கற்கவேண்டும் என்பதே அதன் தோற்றத்துக்கு முதன்மைக் காரணமாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது படையினர்க்கு யப்பானிய மொழியை விரைந்து கற்பிக்கும் பணியும் அங்கு நடைபெற்றது. இதற்கு முன்னரே, 1800இற் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியும் 1812இற் சென்னையில் சென் ஜோர்ஜ் கோட்டைக் கல்லூரியும் கிழக்கிந்தியக் கம்பனியின் உத்தியோகத்தர்க்கு நாட்டு மொழிகளைப் புகட்டவே நிறுவப்பட்டன.

கீழைத்தேயம் பற்றி மேலைத்தேயம் உருவாக்கிய அறிவு அதிகாரத்தோடு பிரிக்கவியலாதவாறு பிணைந்தது என எட்வேர்ட் சைட் 1978இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். மேற்கூறிய வரலாற்றை நோக்குவோர் இவ்வாதத்தை ஒதுக்கிவிடல் அரிது. எனினும், தோற்றத்திற் குறையுடைய அறிவு முழுவதும் பொய்யே என அதனை நீட்டிப்பின் இடர்ப்பாடு எழும். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியன வடமொழியினின்று பிறந்தவையல்ல, தனியொரு மொழிக் குடும்பத்தின என்பதை 1816இற் சான்றுகளோடு நிறுவிய எல்லிஸ், கம்பனியின் உத்தியோகத்தரே. சென்னைக் கல்லூரியின் உருவாக்கத்தில் முன்னின்றவர். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது அதற்கு நாற்பது ஆண்டுகளின் பின்னர், 1856இலாகும். தோற்றமே மதிப்பைத் தீர்மானிக்குமெனின், தமிழர் பெருமிதத்தோடு எடுத்துரைக்கும் இவ்வுண்மையையும் அவர்கள் கைவிடல் வேண்டும்.

ஒரு சமூகத்தைப் பற்றி அச்சமூகத்தவரே எழுதவேண்டும் என்பது சிலர் கூறும் தீர்வு. இதில் நியாயம் உண்டு, நிறைவு இல்லை. யொமோ கென்யாட்டா இலண்டனில் மலினோவ்ஸ்கியிடம் மானிடவியல் பயின்று, தம் கிக்குயு மக்களைப் பற்றிய நூலை 1938இல் வெளியிட்டார். தம்மவர் நிலவுடைமை முறையையும் வாழ்க்கை ஒழுங்கையும் உள்ளிருந்து விளக்கி, குடியேற்றவாதிகளின் இழிவுரைகளுக்கு அவர் விடையிறுத்தார். ஆனால் அதே நூல் பெண்களுக்குச் செய்யப்படும் விருத்தசேதனச் சடங்குக்கும் ஆதரவாக வாதிட்டது. அச்சடங்குக்கு உள்ளான சிறுமியர் குரல் அங்கு ஒலிக்கவில்லை. ஆகவே உள்ளிருந்து பேசுவோரும் தம்முள் எளியோரின் வாயை அடைத்தல் கூடும்.

எனின் அறிவின் நேர்மையை எதனைக்கொண்டு அளப்பது? ஆராயப்படுவோர் மறுமொழி கூறுதற்கு அவ்வறிவு இடமளிக்கின்றதா என்பதே அளவுகோலாகும். 1968இல் நைரோபியிற் கூகி வா தியாங்கோவும் அவருடன் இருவரும் ஆங்கிலத்துறையை ஒழிக்குமாறு வேண்டியபோது, உலக இலக்கியங்களை அவர்கள் புறந்தள்ளவில்லை. ஆபிரிக்க இலக்கியத்தையும் மொழிகளையும் மையத்தில் வைத்து, ஏனையவற்றை அங்கிருந்து நோக்கவேண்டும் என்றனர். இலண்டன் கல்லூரியிலும் இத்தகைய மறுமொழிகள் உருப்பெற்றன. 1966இல் அங்குக் கலாநிதிப் பட்டம் பெற்ற கயானா நாட்டவரான வோல்டர் ரொட்னி, ஆபிரிக்கா பின்தங்கியமைக்கு ஐரோப்பாவே பொறுப்பென 1972இல் ஒரு நூலெழுதினார். ஆளுதற்பொருட்டு எழுப்பப்பட்ட மண்டபத்திலிருந்தே ஆட்சியின் மீதான குற்றச்சாட்டும் எழுந்தது.

மறுமொழி பிறரிடமிருந்து மட்டும் வருவதன்று. கா. இந்திரபாலா இலங்கையின் தமிழ்க் குடியேற்றங்கள் பற்றிய ஆய்வை 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். பின்னர் கிடைத்த தொல்லியற் சான்றுகளின் ஒளியில், 2005இல் வெளியிட்ட நூலில் தம் பழைய முடிவுகளைத் தாமே திருத்தினார். இத்தகைய திருத்தம் அறிவுக்கு இழுக்கன்று. அதன் அறமே அதுவாகும்.

இதனாற் பழைய கடன் தீர்ந்ததெனக் கொள்ளலாகாது. ஆசியாவையும் ஆபிரிக்காவையும் சார்ந்த ஏடுகளும் ஆவணங்களும் பெருந்தொகையாக இன்றும் இலண்டனிலேயே உள்ளன. தம் முன்னோர் வரலாற்றைத் தேடுவோர் முன்னைய ஆட்சியாளரின் தலைநகருக்குப் பயணஞ்செய்ய நேர்கின்றது. மறுமொழி கூறும் உரிமை பயணச்செலவுக்கு வழியுள்ளோர்க்கு மட்டும் உரியதாயின் அது முழுமையான உரிமையாகாது.

இவ்வளவுகோல் இலண்டனுக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையிற் பணியாற்றிய சிவில் உத்தியோகத்தரும் சிங்களத்தையோ தமிழையோ கற்றுத் தேறவேண்டியிருந்தது. 1956இற் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. 1987இல் அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. இன்றும் அரச ஊழியர் மற்றைய மொழியிற் சித்தியடைய வேண்டியுள்ளது. சான்றிதழோடு அக்கல்வி முடியுமாயின், குடியேற்ற உத்தியோகத்தர் கற்றதினும் அது எவ்வாறு வேறுபடும்? தமிழ் கற்ற சிங்களவரும் சிங்களம் கற்ற தமிழரும் அம்மொழியிற் கட்டளை பிறப்பிக்கவும் விண்ணப்பம் நிரப்பவும் வல்லராதல் போதாது. அம்மொழியில் தமக்கெதிராகக் கூறப்படும் நியாயத்தை இடைமறியாது கேட்கவும், கேட்டபின் தம் கருத்தை மாற்றவேண்டின் மாற்றவும் வல்லராதல் வேண்டும். பல்கலைக்கழகம் மொழிகளைக் கற்பிப்பதன் நியாயம் இதிலேயே தங்கியுள்ளது.