நோயின் வழியும் யாத்திரிகனின் வழியும்

பாஞ்சாலங்குறிச்சியில் வீரசக்கதேவி ஆலயத் திருவிழா நடைபெறும் மே மாதத்தில், பல ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் சோதி ஏந்தி ஓடி வருவதை இப்பகுதியினர் அறிவர். அவர்கள் வரும் வழிகளைத் தாளில் கோடுகளாக இழுத்தால் யாவும் ஒரு புள்ளியில் கூடும். விழா முடிந்ததும் மக்கள் அதே கோடுகள் வழியே திரும்புவர். தூத்துக்குடி பனிமய மாதா பேராலயம், திருச்செந்தூர், ஏர்வாடி தர்கா என இக்கரையோரம் இத்தகைய புள்ளிகள் பல. நேர்ச்சை செல்லும் வழியில் நோயும் செல்லக்கூடும். ஆகவே, தொற்றுநோய்க்குப் படம் வரைவோர் யாத்திரைத் தலங்களை நோக்குவது இயல்பே. ஆனால் அப்படம் எதைச் சுட்ட வேண்டும் என்பதே நாம் சிந்திக்க வேண்டிய வினா.

1854-இல் லண்டனில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ, இறப்பு நேர்ந்த வீடுகளைப் படத்தில் குறித்தார். குறிகள் பிராட் தெருக் குழாயடியைச் சூழ்ந்து நின்றன. குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அப்படம் நீரைக் காட்டிக் கொடுத்தது. நீர் குடித்தவர்களைப் பழிக்கவில்லை.

1865-இல் மக்காவில் காலரா கண்டது. ஹாஜிகளில் ஏறக்குறைய 15,000 பேர் மாண்டனர் என மதிப்பிட்டனர். நோய் சூயஸ், அலெக்சாந்திரியா வழியாக ஐரோப்பியத் துறைமுகங்களை எட்டியது. மறு ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிளில் பல நாட்டவர் கூடி ஆராய்ந்தனர். பின்னர் செங்கடலின் கமரான் தீவில் ஹாஜிகளைத் தடுத்து வைத்துச் சோதித்தனர். சோதனை தேவைதான். எனினும், அளவு மீறி ஆட்களை அடைத்த கப்பலைவிட, அதில் அடைபட்ட ஏழை ஹாஜியே உலகின் கண்ணுக்கு நோயாகத் தோன்றினான். இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற நம் மக்களும் தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் முகாம்களில் நிறுத்தப்பட்டனர்.

2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுத்தீனில் கூடியவர்களிடையே கொரோனா பரவியது உண்மை. அதைக் குறிப்பது மருத்துவத்தின் கடமை. ஆனால் நோய்க்கு ஒரு சமயத்தின் பெயரைச் சூட்டியது மருத்துவமன்று. வழக்குத் தொடரப்பட்ட வெளிநாட்டவர் பலிகடா ஆக்கப்பட்டனர் என்று அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு கூறியது. பழிக்கு அஞ்சுபவன் காய்ச்சலை மறைப்பான். உடன் வந்தவரின் பெயரையும் மறைப்பான். அப்போது படமே பொய்த்துவிடும். நீதி தவறிய படம் அறிவாலும் தவறியதாகிறது.

நமக்கும் கடமை உண்டு. கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் செல்லாமலும், அங்கிருந்து ஓடி வராமலும் இருக்க நபிகள் நாயகம் (ஸல்) பணித்தார்கள். சிரியாவில் கொள்ளைநோய் எனக் கேட்டு கலீஃபா உமர் (ரலி) வழியிலேயே திரும்பினார்கள். இறைவனின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) வினவியபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக விடை பகர்ந்தார்கள். 2020-இல் ஹஜ்ஜு, சவூதி நாட்டில் இருந்தவர்களில் மிகச் சிலரோடு நிறைவேறியது. திருச்செந்தூர்ச் சூரசம்ஹாரமும் பக்தர்கள் இன்றி நடந்தது. வீட்டில் தங்கிய அவர்களின் பக்தி குறைந்துவிட்டதென யார் சொல்வார்?

சென்ற இடத்தையும் கண்ட நோயையும் மறைக்காமல் சொல்வது யாத்திரிகனின் அமானிதம். அவன் சொன்னதைக் கொண்டு நீரையும் நெரிசலையும் திருத்துவதும், அவனைத் தூற்றாதிருப்பதும் படம் வரைவோரின் அமானிதம். ஒன்று பேணப்படாவிடில் மற்றொன்றும் நிலைக்காது.