சாப்பிடுகிறவர் பக்கத்தில் நாம்

வீட்டில் ஒருவருக்கு அஜீரணம் என்றால், என்ன சாப்பிட்டார் என்றுதான் முதலில் விசாரிப்போம். எண்ணெய்ப் பலகாரமா, காரமா, நேற்றைய குழம்பா என்று தேடுவோம். அவர் சாப்பிட்டபோது பக்கத்தில் இருந்தவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்பதில்லை. அதையும் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எக்ஸ்ரே 1895இல் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவின் ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கேனன், மறு ஆண்டே அதைக் கொண்டு செரிமானத்தை ஆராயத் தொடங்கினார். பூனைகளின் உணவில் பிஸ்மத் உப்பைக் கலந்து கொடுத்து, இரைப்பையின் அசைவைத் திரையில் கவனித்தார். அலை அலையாகச் சுருங்கி உணவைக் கடைந்துகொண்டிருந்த இரைப்பை, பூனை மிரண்டாலோ சீறினாலோ அப்படியே நின்றுவிட்டது. பூனை அமைதியடைந்ததும் மறுபடி அசைந்தது. 1898இல் அவர் இதை எழுதி வெளியிட்டார். உணவும் அதுதான், இரைப்பையும் அதுதான். மாறியது பூனையின் மனநிலை மட்டுமே.

ஆபத்து என்று மூளைக்குப் பட்டதும் பரிவு நரம்புகள் முந்திக்கொள்கின்றன. குடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது, அசைவு தளர்கிறது. ஓடவோ எதிர்க்கவோ உடல் தயாராகும்போது செரிமானத்துக்கு அவசரம் இல்லை. பயம் தணிந்த பிறகே வேகஸ் நரம்பின் கை ஓங்குகிறது. மூளையின் அடியிலிருந்து வயிறுவரை இறங்கும் அந்த நரம்புதான், சோற்றின் மணம் மூக்குக்கு எட்டியதுமே இரைப்பையில் அமிலம் சுரக்கச் சொல்கிறது. ரஷ்யாவின் இவான் பாவ்லவ், நாய்களில் அந்த நரம்பைத் துண்டித்தால் இந்தச் சுரப்பு நின்றுவிடுவதைக் காட்டினார். செரிமானம் பற்றிய ஆய்வுகளுக்காக அவருக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது.

குடல் மூளையின் ஏவலுக்காகவே காத்திருப்பதும் இல்லை. அதன் சுவருக்குள் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் வலையாகப் பின்னிக் கிடக்கின்றன. வெளியிலிருந்து வரும் நரம்புகளை அறுத்த பின்னும் குடல் தன் உள்ளிருப்பதை முன்னே தள்ளுவதை லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற ஆய்வாளர்கள் 1899இல் கண்டார்கள். வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம், உள்ளுறுப்புகளின் நிலையை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருப்பவை. அச்சம் வயிற்றைக் கலக்குகிறது; கலங்கிய வயிறு மனத்தை மேலும் வாட்டுகிறது.

வயிற்று நோய்க்கெல்லாம் மனம்தான் காரணம் என்று இதற்குப் பொருள் இல்லை. புண்ணுக்கும் கிருமிக்கும் மருந்து வேண்டும். சோதனைகளில் ஒன்றும் தெரியாத வயிற்று வலியை ‘வெறும் நினைப்பு’ என்று தள்ளுவதும் அநியாயம். நரம்பு வழியே வருகிற வலியும் வலிதான்.

என் கவலை வேறு. ‘நிதானமாகச் சாப்பிடு’ என்று எல்லோருக்கும் புத்தி சொல்கிறோம். அந்த நிதானம் சாப்பிடுகிறவர் கையில் மட்டுமா இருக்கிறது? தேர்வில் மார்க் குறைந்ததை, பிள்ளை சோற்றைப் பிசையும் நேரத்தில்தான் கேட்கிறோம். கடன் தவணையைப் பற்றிய சண்டை இரவுச் சாப்பாட்டின்போதுதான் மூள்கிறது. மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்க, டிபன் பாக்ஸை அவசரமாகக் காலி செய்கிற தொழிலாளியிடம் மென்று தின்னச் சொல்லி என்ன பயன்? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அடுத்த அழைப்பு வருமோ என்று அடுக்களையில் நின்றபடியே விழுங்கும் பெண்ணிடம் எந்த அமைதியை எதிர்பார்க்க முடியும்?

சோறு போடுவதைப் பெரிய தர்மமாக மதிக்கிறவர்கள் நாம். அந்தத் தர்மம் இலையில் பரிமாறியதோடு முடிந்துவிடுவதில்லை. உண்பவர் பயமில்லாமல் உண்பதற்கும் நாம்தான் பொறுப்பு. மார்க்கையும் தவணையையும் ஒரு மணி நேரம் கழித்துப் பேசலாம். வேலையிடத்தில் சாப்பாட்டு நேரம் முழுதாகத் தரப்பட வேண்டும். பரிமாறுகிறவரையும் உட்காரவைத்து, அவருக்கு வேறொருவர் பரிமாற வேண்டும்.