நித்திய கர்மமாகும் நன்றியறிதல்

வாலி வீழ்ந்தபின் கிஷ்கிந்தையின் அரியணை சுக்ரீவனுக்குக் கிடைத்தது. இழந்த நாடு திரும்ப வந்தது. பறிக்கப்பட்ட மனைவியும் மீண்டும் வந்து சேர்ந்தாள். அப்போது மழைக்காலம் தொடங்கியிருந்தது. மழை ஓய்ந்ததும் சீதாதேவியைத் தேடும் பணி தொடங்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஸ்ரீராமரும் லட்சுமணரும் பிரஸ்ரவண மலைக் குகையில் நான்கு மாதங்கள் காத்திருந்தனர். மேகங்கள் கலைந்தன. ஆறுகளில் வெள்ளம் வடிந்தது. சுக்ரீவன் மட்டும் வரவில்லை.

இந்த இடத்தை வால்மீகி முனிவர் சித்திரிக்கும் விதம் கவனிக்கத்தக்கது. சுக்ரீவன் வஞ்சகன் அல்லன். பெற்ற உதவியை மறுக்க வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு ஒரு கணமும் எழவில்லை. சுகத்தில் நாள்கள் நழுவின, அவ்வளவே. ஆஞ்சநேயர் சென்று கடமையை நினைவூட்டியதும் உடனே ஒப்புக்கொண்டு, படைகளைத் திரட்டுமாறு நீலனுக்கு ஆணையிடுகிறான். ஆணையிட்ட கையோடு மீண்டும் அந்தப்புரத்திற்கே சென்றுவிடுகிறான்!

பின்னர் கடுஞ்சினத்தோடு கிஷ்கிந்தைக்குள் நுழைந்த லட்சுமணர் ஒரு பழைய தர்ம வாக்கை அவனுக்கு எடுத்துச் சொல்கிறார். பெரும் பாதகங்கள் பலவற்றிற்கும் சான்றோர் பிராயச்சித்தம் வகுத்திருக்கிறார்கள். நன்றி கொன்றவனுக்கு மட்டும் பிராயச்சித்தம் கிடையாது என்பதே அதன் கருத்து. திருக்குறளின் 11-ஆம் அதிகாரமான செய்ந்நன்றியறிதலின் இறுதிக் குறளும் இதே தீர்ப்பைத் தருகிறது. புறநானூற்றின் 34-ஆம் பாடலில் ஆலத்தூர் கிழாரும் இதையே அறம் சொன்னதாக எடுத்துரைக்கிறார். வடமொழியும் தென்மொழியும் ஒரே குரலில் பேசும் இடங்களுள் இது ஒன்று.

ஏன் இத்தனைக் கடுமை? திருடியவனுக்குத் தான் திருடியது தெரியும். பொய் சொன்னவனுக்குத் தன் பொய் தெரியும். குற்றம் தெரிந்திருப்பதால் என்றாவது ஓர் இரவில் மனம் உறுத்தும். உறுத்தினால் கழுவாய் தேடலாம். மறந்தவனுக்கோ தான் மறந்தது தெரியாது. மறந்தது தெரியாதவன் எதற்காக வருந்துவான்? நன்றி கொல்லுதல் பெரும்பாலும் தீய எண்ணத்தால் நிகழ்வதில்லை, வசதியினால் நிகழ்கிறது. ஆகவேதான் நம் முன்னோர் நன்றியறிதலை மனத்தின் நெகிழ்ச்சியை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை. அதை அன்றாடக் கடமையாக, கைகளால் செய்யும் கர்மமாக வைத்தார்கள்.

மனிதன் பிறக்கும்போதே கடனாளியாகப் பிறக்கிறான் என்பது வேதத்தின் பார்வை. தைத்திரீய சம்ஹிதை மூன்று கடன்களைக் கூறுகிறது: ரிஷிகளுக்கு, தேவர்களுக்கு, பித்ருக்களுக்கு. சதபத பிராம்மணம் சக மனிதர்களுக்குப் பட்ட கடனையும் சேர்த்து நான்காக்குகிறது. இக்கடன்களை நாள்தோறும் நினைந்து செலுத்தும் வழியே பஞ்ச மகா யக்ஞங்கள். ஓதுதல் ரிஷிகளுக்கு, ஆகுதி தேவர்களுக்கு, நீர்க்கடன் முன்னோர்களுக்கு, விருந்தோம்பல் மனிதர்களுக்கு, உணவின் ஒரு பங்கு பிற உயிர்களுக்கு. கிராமத்து வாசலில் இடும் அரிசிமாக் கோலம் எறும்புக்கும் உணவு. காக்கைக்கு வைக்கும் முதல் கவளமும், அகமதாபாத்தின் பழைய தெருக்களில் பறவைகளுக்குத் தானியம் இடுவதற்கென்றே எழுப்பப்பட்ட சபூத்ரோ என்னும் தூண் மேடைகளும் அந்த ஐந்தாவது யக்ஞத்தின் வடிவங்களே.

மகா யக்ஞம் என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. தைத்திரீய ஆரண்யகம் இவற்றிற்கு வைத்திருக்கும் அளவு வியப்பூட்டும்: அக்கினியில் ஒரு விறகுக் குச்சியை இட்டாலும் தேவ யக்ஞம் நிறைவேறும், முன்னோருக்கு நீர் மட்டும் வார்த்தாலும் பித்ரு யக்ஞம் நிறைவேறும், ஒரே ஒரு மந்திரத்தை ஓதினாலும் பிரம்ம யக்ஞம் நிறைவேறும். பெயர் மகத்தானது, செயல் மிகச் சிறியது. அதன் பெருமை அளவில் இல்லை. ஒரு நாளும் விடாமல் செய்வதில் இருக்கிறது.

இவற்றிற்கு மனுஸ்மிருதி கூறும் காரணம் இன்னும் கூர்மையானது. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்தும் இல்லறத்தானின் வீட்டிலுள்ள கொலைக்களங்கள் என்கிறது அந்நூல். ஒரு வேளை உணவு இலைக்கு வருவதற்குள் அறியாமலே எத்தனையோ சிற்றுயிர்கள் அழிகின்றன. அம்மியின் இடத்திற்கு மின்சாரக் கருவி வந்துவிட்டதால் கணக்கு மாறிவிடவில்லை. நன்றியோடு பிராயச்சித்தமும் கலந்தே இருக்கிறது. பெற்றதை எண்ணுபவன், பெறுவதற்காக யார் எதை இழந்தார்கள் என்பதையும் எண்ணக் கடமைப்பட்டவன். கொடுத்தவர்களுக்குத் திருப்பித் தராமல் தானே அனுபவிப்பவனைக் கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் பகவான் திருடன் என்றே அழைக்கிறார். அந்த அத்தியாயத்தின் யக்ஞக் கருத்தைத் தம் வாழ்வில் கடைப்பிடித்த காந்தியடிகள், 1930-இல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமவாசிகளுக்கு எழுதிய கடிதங்களில், பிறர் நலனுக்காகச் செய்யும் சேவையே யக்ஞம் என்று விளக்கினார். நாள்தோறும் நூல் நூற்பது அவருக்கு அத்தகைய யக்ஞமாக இருந்தது.

மும்பையிலோ தில்லியிலோ அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் ஓர் இல்லறத்தார் இதை எவ்வாறு கடைப்பிடிப்பது? கண் விழித்ததும் பூமியில் கால் வைக்கும் முன் பூமித்தாயிடம் பொறுத்தருள வேண்டும் மரபு இந்நாட்டில் இருக்கிறது. அதற்கு அரை நிமிடம் போதும். குளிக்கும் முன் நீரைத் தொட்டு வணங்குவதற்கும் உணவின் முன் ஒரு கணம் கண் மூடுவதற்கும் தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் கவளம் எடுக்கும் முன் இறைநாமத்தை நினைவூட்டும் சமர்த்த ராமதாசரின் சுலோகத்தைக் குழந்தைகள்கூடச் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். கடினமான பகுதி இரவில் விளக்கின் முன் அமரும்போது வருகிறது. அன்று பெற்ற உதவிகளை, உதவியவரின் பெயரோடு சேர்த்து நினைக்க வேண்டும். ‘எல்லாவற்றிற்கும் நன்றி, இறைவா’ என்று பொதுவாகச் சொல்லிவிடுவது எளிது. பெயர் சொல்லத் தொடங்கினால்தான் தயக்கம் பிறக்கும்.

தன் படிப்புச் செலவை ஏற்ற அண்ணன் ஒருவர் இருப்பார். பின்னாளில் பூர்வீக வீட்டைப் பங்கிடுவதில் மனத்தாங்கல் ஏற்பட்டுப் பேச்சு நின்றிருக்கும். தம்பியின் தினசரி வழிபாட்டில் அந்தப் பெயர் வர வேண்டுமா, வேண்டாமா? வர வேண்டும். வீட்டுப் பங்கில் அண்ணன் செய்தது அநியாயமாகவே இருக்கலாம். அதை நியாயம் என்று ஒப்புக்கொள்ளும்படி எந்தச் சாஸ்திரமும் கூறவில்லை. ஆனால் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டது உண்மை. பின்னால் வந்த வழக்கு அந்த உண்மையை அழித்துவிடாது. நூறு தீங்குகளை நினைவில் வைத்துக்கொள்ளாதவர், ஒரே ஓர் உபகாரத்தால் மகிழ்ந்து நிறைபவர் என்று ஸ்ரீராமரை வால்மீகி வருணிக்கிறார். அந்தக் குணத்திற்கான பயிற்சிக்கூடம் இத்தகைய கசந்த உறவுகளே.

நன்றி என்பது கணக்கைத் தீர்த்துக்கொள்வதும் அன்று. உத்தர காண்டத்தில் ஆஞ்சநேயர் விடைபெறும் காட்சியில் ஸ்ரீராமர் சொல்வது சிந்திக்கத்தக்கது. செய்த உபகாரத்திற்குக் கைம்மாறு செய்ய வேண்டுமானால் உபகாரம் செய்தவருக்கு ஆபத்து வந்தாக வேண்டும். ஆஞ்சநேயருக்கு அப்படியொரு நிலை வரவே வேண்டாம், இந்தக் கடன் தம்மிடமே ஜீரணமாகிப் போகட்டும் என்கிறார். பிறகு தம் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி அவருக்கு அணிவிக்கிறார். அவதார புருஷரே தீர்க்க விரும்பாத கடன்!

அப்படியானால் பெற்றதை எங்கே செலுத்துவது? பெரும்பாலும், அடுத்து எதிரே வருபவரிடம். ஆனால் வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் சம்பளத்தை ஐந்து தேதிகள் தள்ளிப்போட்டுவிட்டு, இரவில் விளக்கின் முன் அவருக்கு மானசீகமாக நன்றி சொல்வதால் பயனில்லை. உரிய ஊதியம் உரிய நாளில் சேர்வது நீதி. நன்றி அதற்கு மேற்பட்டது. இன்னொன்றிலும் சாதகர் விழிப்பாக இருக்க வேண்டும். பிறர் துன்பத்தைப் பார்த்து, ‘அந்த நிலை எனக்கு வரவில்லையே’ என்று மகிழ்வது நன்றி போலத் தோன்றும். அது அகங்காரத்தின் நிம்மதியே.

துயரத்தில் இருப்பவரிடம் சென்று ‘இருப்பதற்கு நன்றி சொல்’ என்று போதிப்பது இரக்கமின்மை. குந்திதேவி இன்னல்கள் மீண்டும் வரட்டும் என்று கண்ணனிடம் வேண்டினாள் என்றால், அது அவளே தேர்ந்த பிரார்த்தனை. பிறர் அவளுக்குச் சொல்லித் தந்ததன்று. எனினும் துயர நாளில்தான் நித்திய கர்மத்தின் அருமை புலப்படுகிறது. தாயை இழந்த மகனுக்கு முதல் நாள்களில் நன்றி என்ற உணர்வே எழாது. மரத்துப்போன மனத்தோடு ஆற்றங்கரையில் அமர்கிறான். கண்ணீர்கூட வருவதில்லை. அவன் உணர்வு எப்படியிருக்கிறது என்று யாரும் அவனைக் கேட்பதில்லை. எள்ளை எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கிறான். தாயின் பெயரைச் சொல்லச் சொல்கிறார்கள், சொல்கிறான். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே நீர் வழிந்து விழுகிறது. மறுநாளும் அதே இடத்தில், அதே நேரத்தில் வந்து அமர்கிறான்.