முன்னணைக் கன்றும் அன்றீன்ற கன்றும்

குறைகளை முற்றும் களைந்த பிறகுதான் மனிதன் இறைவன்முன் நிற்கத் தகுதி பெறுகிறானா, அல்லது குறைகளோடு நிற்கவே அவனுக்கு இடமுண்டா என்னும் வினா, இராமானுசருக்குப் பிந்தைய தென்னாட்டு வைணவத்தில் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் மிகக் கூர்மையாக விவாதிக்கப்பட்டது. ஒருபுறம் திருவரங்கத்துப் பிள்ளை லோகாசாரியரும், மறுபுறம் வேதாந்த தேசிகரும் இதற்கு அளித்த விடைகள், பிற்காலத்தில் தென்கலை, வடகலை என்று பிரிந்த இரு மரபுகளின் 18 கருத்து வேறுபாடுகளுள் இடம்பெற்றன. நெற்றியில் இடும் நாமத்தின் வடிவை வைத்தே இப்பிரிவுகளை அறிந்தவர்களுக்கு, அவற்றின் அடியில் இத்தகைய ஒரு மனித வினா கிடப்பது சற்று வியப்பாகவே இருக்கக்கூடும்.

விவாதத்தின் மையச் சொல் வாத்சல்யம். கன்றைக் குறிக்கும் ‘வத்சம்’ என்னும் வடசொல்லின் அடியாகப் பிறந்த இச்சொல்லுக்கு, அன்றீன்ற கன்றின்மீது தாய்ப்பசுவுக்கு உண்டாகும் பரிவு என்பது மூலப்பொருள். ஈன்ற பொழுதில் கன்று, சவ்வும் கோழையும் இரத்தக் கசிவும் படிந்த ஈர உடலோடு தரையில் கிடக்கிறது. பசுவோ முன்னால் கிடக்கும் வைக்கோலைத் திரும்பிப் பாராமல், மூக்கு, வாய், முதுகு என்று அதை விடாது நக்குகிறது. அந்த நாவின் உராய்வில் உடல் காய்ந்து சூடேறிய கன்று, பின்புறத்தை முதலில் தூக்கி, முன்னங்கால் நிலைக்காமல் விழுந்து, மீண்டும் எழ முயல்கிறது. அதற்கு முந்தைய ஈற்றில் பிறந்து, அழுக்கேதும் இன்றி வளர்ந்து நிற்கும் முன்னணைக் கன்று அப்போது அருகில் வந்தால், பசு அதைக் கொம்பாலும் காலாலும் விலக்கும் என்று உரைமரபு ஒரு நுணுக்கத்தைச் சேர்க்கிறது. என்றும் குறையற்றவர்களான நித்தியசூரிகளே அந்த முன்னணைக் கன்று. வழுக்களோடு வந்து விழுந்த உயிரே அன்றீன்ற கன்று.

இந்த உவமையைக் கடைசிவரை கொண்டுசெல்லும் தென்கலை மரபு, அடியவனின் குற்றத்தை இறைவன் பொறுத்துக்கொள்கிறான் என்பதோடு நில்லாமல், பசுவுக்கு அந்த அழுக்கே இனிய உணவாவதுபோல் அவனுக்குக் குற்றமும் இனிக்கிறது என்கிறது. இதற்குத் தோஷபோக்கியத்துவம், அதாவது குற்றத்தையே துய்க்கும் பொருளாகக் கொள்ளும் தன்மை, என்று பெயர். தேசிகர் மரபு இதை ஏற்கவில்லை. குற்றம் இறைவனுக்கு இனிக்குமாயின் மேலும் குற்றம் புரிவதே தொண்டாகிவிடும் என்னும் தடையை எழுப்பி, வாத்சல்யமாவது குற்றத்தைக் காணாக்கண்ணிடுதல், அதாவது கண்டும் காணாததுபோல் விடுதல் மட்டுமே என்று அது வரையறுத்தது. தடை வலுவானதே. ஆயினும் பசு நக்கி முடித்த கன்றின்மேல் அழுக்கு எஞ்சுவதில்லை என்பதை அத்தடை போதிய அளவு கருதவில்லை. அழுக்கு அங்கேயே இருக்கட்டும் என்பது உவமையின் பொருளன்று, தன்னைத் தானே நக்கித் துடைத்துக்கொண்ட பின்னரே தாயிடம் செல்லவேண்டும் என்று கன்றுக்கு யாரும் விதிக்கவில்லை என்பதே பொருள்.

குறையின்மைமேல் கொள்ளும் பற்றைத் தென்கலையார் ஐயத்தோடு நோக்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இறைவனையே புகலாகப் பற்றும் சரணாகதியை விடுத்து, தன் முயற்சியால் செய்யும் பிற நெறிகளில் ‘நான் செய்தேன்’ என்னும் அகங்காரம் கலப்பதை, பொற்குடத்தில் நிறைத்த புனித நீரில் மதுத்துளி ஒன்று கலப்பதற்கு ஒப்பிடுகிறது பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசனபூஷணம். குடத்திலும் நீரிலும் பழுதில்லை, துளியும் மிகச் சிறியது; ஆனால் நீர் வழிபாட்டுக்கு ஆகாமற் போகிறது. அப்பழுக்கற்றவனாக வேண்டும் என்னும் வேட்கையில், மேலோட்டமான பணிவின் கீழ் இத்துளி எளிதில் மறைந்திருக்கும்.

தேசிகர் நெறியிலோ, சரணாகதிக்கு இறைவனுக்கு உகந்ததையே செய்யும் உறுதி, உகவாததை விடுதல், காப்பான் என்னும் பெருநம்பிக்கை, காக்குமாறு வேண்டல், தன் கையறு நிலையை உணர்தல் என ஐந்து அங்கங்கள் சொல்லப்படுகின்றன. அஞ்சும் மனம் கொண்டவன் இவற்றையும் ஒரு தேர்வாக்கிக்கொண்டு, தன் நம்பிக்கை போதிய அளவு பெரியதா என்று நாள்தோறும் அளந்து பார்க்கத் தொடங்கலாம். இந்த இடர்ப்பாட்டுக்கு இரு மரபினரும் எடுத்தாளும் மருந்து சுந்தரகாண்டத்தில் இருக்கிறது. பிரம்மாஸ்திரத்தால் கட்டுண்ட அனுமனை, அது போதாதென்று எண்ணிய அரக்கர்கள் நார்க்கயிறுகளாலும் கட்டினர். வேறு கட்டைப் பொறுக்காத அஸ்திரம் அக்கணமே நழுவியது. சரணாகதி ஒருமுறை செய்யப்படுவது. ஐயத்தால் மீண்டும் மீண்டும் இறுக்குவது அதை அவிழ்ப்பதாகும்.

குறைகளோடு நிற்கவும் இடமுண்டு என்னும் கருத்து நூலோடு நின்றுவிடவில்லை. பூசை முடிவில், மந்திரத்திலோ செயலிலோ பக்தியிலோ நேர்ந்த குறைகளைப் பொறுத்து இதனை நிறைவுடையதாகக் கொள்ளவேண்டும் என்று வேண்டும் வழக்கம் உண்டு. குறை நேரும் என்பதைச் சடங்கே முன்கூட்டி ஒப்புக்கொண்டு, அதற்கென ஓர் இடத்தையும் ஒதுக்கியிருக்கிறது. ஆனால் அதை நாள்தோறும் சொல்லும் ஒருவரே, செபத்தின் நடுவில் மணி ஒன்று விரலிடுக்கில் நழுவிவிட்டதென்று 108ஐயும் முதலிலிருந்து தொடங்குவதையும் காணலாம். வேண்டுதல் நாவில் இருக்கிறது, கணக்கோ விரலில் இருக்கிறது.

தன்னை ஏற்றல் என்று இன்று வழங்கும் தொடரை இம்மரபுகளில் அப்படியே தேடினால் கிடைக்காது. கிடைப்பது நைச்சியானுசந்தானம், அதாவது இறைவன்முன் தன் தாழ்வைச் சொல்லிக்கொள்ளுதல். இது தன்னை வெறுத்தலோடு எளிதில் குழப்பிக்கொள்ளப்படுகிறது. தன்னை வெறுப்பவன் குற்றத்தை மறைக்கிறான், அல்லது அதிலிருந்து கண்ணெடுக்க மாட்டாதவனாகிறான். நைச்சியம் பேசுபவனோ, கேட்பவன் கைவிடமாட்டான் என்னும் துணிவால் அதை வாய்விட்டுச் சொல்கிறான். குற்றம் இனிக்கும் என்பதை ஏற்க மறுத்த மரபின் தேசிகரே, திருவேங்கடமுடையானின் தயையை ஒரு தேவியாக முன்னிறுத்திப் பாடிய தயாசதகத்தில், தம்மைக் குற்றங்களின் சக்கரவர்த்தியாகவும் அவளைக் குணங்களின் பேரரசியாகவும் நிறுத்தி, இருவரும் அவரவர் துறையில் நிகரற்றவர்கள் என்பதுபோல் பேசுகிறார். அங்கே ஒலிப்பது அழுகுரலன்று. ஏறத்தாழ உரிமை கோருபவனின் மிடுக்கு.