ழகரத்தைச் சுற்றிய வட்டம்

பச்சை அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. “அம்மா, நேரம் இருந்தா பாருங்க” என்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், கையில் சிவப்புப் பேனா. மூன்றாம் பக்கக் கவிதையில், விடிய விடியத் தூங்காமல் கிடப்பதை எழுதி, தான் ‘விழிம்பில்’ நிற்பதாக முடித்திருந்தாள். ‘ழி’யை வட்டமிட்டு மேலே ‘ளி’ என்று எழுதினேன். கீழே, ‘நல்ல முயற்சி. தொடர்ந்து எழுது.’ அதன்பிறகு அவள் எதையும் கொண்டுவந்து காட்டவில்லை.

ஏழு வருடம் ஆகிறது. அந்த வட்டம் கண்ணை விட்டுப் போகவில்லை.

சின்ன வயதில் எங்களோடு அத்தை ஒருவர் இருந்தார். வாழப் போன இடத்திலிருந்து திரும்பி வந்தவர். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எதையோ எழுதி அரிசி டப்பாவுக்கு அடியில் வைப்பார். ஒருநாள் அப்பா ஒரு தாளை எடுத்துப் பார்த்து, “எழுத்து முத்து முத்தா இருக்கு” என்று சொல்லி, மடித்து அங்கேயே வைத்தார். அத்தைக்கு ‘மனசு சரியில்லை’ என்பார்கள். அதற்கு மேல் வீட்டில் பேச்சு இராது. அப்பா பார்த்த முத்தும் நான் பார்த்த பிழையும் வேறு வேறா?

‘ழ’ என்ற பெயரிலேயே சிற்றிதழ் நடத்தியவர் கவிஞர் ஆத்மாநாம். மனநோயோடு போராடி, 1984-இல் தம் 33 வயதில் தற்கொலை செய்துகொண்டார். அவர் கவிதைகளை முதலில் படித்தபோது, வரிக்கு வரி அந்த முடிவின் தடயத்தையே தேடினேன். ரோஜாச் செடிகள் மேல் அவருக்கு இருந்த வாஞ்சை என் கண்ணில் படவே இல்லை. நோயை மட்டும் பார்ப்பதும் ஆளைத் தவறவிடுவதுதான்.

1959-இல் அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவலின் ‘லைஃப் ஸ்டடீஸ்’ தொகுப்பு வந்தபோது, சொந்த வேதனையை ஒளிக்காமல் சொல்லும் எழுத்துக்கு வாக்குமூலக் கவிதை என்று பெயர் விழுந்தது. லோவலிடம் பாடம் கேட்ட ஆன் செக்ஸ்டனைக் கவிதை எழுதத் தூண்டியவர் அவருடைய மனநல மருத்துவர். 1967-இல் செக்ஸ்டனுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1974-இல் அவரும் உயிரை மாய்த்துக்கொண்டார். கவிதை அவரை அத்தனை ஆண்டுகள் தாங்கியதா, கவிதையால் அவ்வளவுதான் முடிந்ததா? எனக்கு விடை தெரியவில்லை. ஆனால், வாக்குமூலம் என்றால் எதிரில் கேட்க ஒரு ஆள் வேண்டும். அன்று எதிரில் இருந்தவள் நான்.

கவிதையில் வரும் ‘நான்’ எழுதியவர்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவளும் நான்தான். அவள் வெறும் கவிதையாகவே எழுதியிருக்கலாம். கேட்டிருந்தால் கூசிப்போய் நோட்டைப் பிடுங்கிக்கொண்டிருக்கலாம். இன்றும் எனக்குத் தெரியாது. ஆனாலும், “ராத்திரி தூங்கினியாம்மா?” என்று கேட்க எனக்கு எந்த இலக்கணமும் தடை சொல்லவில்லை. சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதை மிகப் பிந்தித்தான் அறிந்தேன்.

யாராவது உங்களிடம் ஒரு நோட்டை நீட்டினால், பேனாவை மூடிவைத்துவிட்டு முதலில் முகத்தைப் பாருங்கள். எழுதுகிறவர் நீங்களாக இருந்தால், ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.