சிகரமும் சங்கல்பமும்

தவம் செய்யவும் தரிசனம் வேண்டியும் மூலிகை தேடியும் மலையை நாடிச் செல்வது மனிதனுக்குப் புதிதன்று. ஆனால் பயிரும் குடியும் இல்லாத ஒரு பனி உச்சியில் சில நிமிஷங்கள் நின்றுவிட்டு வருவதற்காக உயிரையே பணயம் வைப்பது தர்மத்துக்கு இசைந்த சாகசமா, அல்லது அகங்காரத்தின் விளையாட்டா என்ற கேள்வி எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று.

எவரெஸ்டின் 8,848 மீட்டர் உயரத்திலும் காற்றில் பிராணவாயுவின் விகிதம் கடற்கரையில் உள்ளதேதான். காற்றின் அழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. 8,000 மீட்டருக்கு மேற்பட்ட பகுதியை மலையேறுவோர் மரண மண்டலம் என்றே சொல்வார்கள். எத்தனை நாள் தங்கினாலும் உடல் அங்கே பழகுவதில்லை, தேயவே செய்கிறது. நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம், விரல்கள் உறைந்து கருகலாம். இவை யாவினும் கொடியது, அபாயத்தை எடைபோட வேண்டிய புத்தியே அங்கே மங்கிப்போவதும், மங்கியது அதற்கே தெரியாமலிருப்பதுமாகும்.

1950 ஜூன் 3ஆம் தேதி 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணாவின் சிகரத்தை அடைந்த பிரெஞ்சுக்காரர் மோரிஸ் எர்ஸோக், அங்கே தம்மை ஆட்கொண்ட ஆனந்தத்தைப் பின்னர் எழுதியிருக்கிறார். இறங்கும் வழியில் மூட்டையைத் திறப்பதற்காகக் கையுறைகளைக் கழற்றினார். அவை பனிச்சரிவில் நழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மூட்டைக்குள்ளிருந்த காலுறைகளைக் கைகளில் மாட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணங்கூட அவருக்கு உதிக்கவில்லை. கைவிரல்களையும் கால்விரல்களையும் அவர் இழக்க நேர்ந்தது. சிகரத்தில் அவர் கண்ட ஆனந்தம் ஆத்மாவின் மலர்ச்சியா, மூச்சுக்கு ஏங்கிய மூளையின் மயக்கமா என்று பிரித்துச் சொல்ல யாரால் முடியும்? ஓர் அனுபவம் இனிமையாயிருப்பதொன்றே அது சத்தியம் என்பதற்குச் சாட்சியாகாது.

ஆகவேதான் அனுபவசாலிகள், இத்தனை மணிக்குள் உச்சியை அடையாவிட்டால் எங்கே நின்றாலும் திரும்பிவிடுவது என்று கீழேயே நேரம் குறித்துக்கொள்கிறார்கள். நம் முன்னோர் சங்கல்பம் என்றது இதையன்றி வேறென்ன? இச்சை அருகில் நிற்கும்போது புத்தி கலங்குமாதலால், தெளிந்த வேளையில் செய்த தீர்மானத்துக்குக் கலங்கிய வேளையைக் கட்டுப்படுத்துவதே விரதம்.

1955 மே 25ஆம் தேதி, 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்காவில், பிரிட்டிஷ் குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் பேண்டும் ஜோ பிரவுனும் கடைசிப் பாறைப் பிளவின் வழியே ஏறி மேலே வந்தபோது, சில அடி உயரத்தில் உச்சி தெரிந்தது. அம்மலையைத் தெய்வமாகப் போற்றும் மக்களின் மனம் புண்படாதபடி உச்சியை மிதிப்பதில்லை என்று சிக்கிம் மன்னருக்கு அக்குழு வாக்களித்திருந்தது. இருவரும் அவ்விடத்திலேயே நின்று திரும்பினார்கள். மறுநாள் ஏறிய நார்மன் ஹார்டியும் டோனி ஸ்ட்ரீத்தரும் அவ்வாறே செய்தார்கள். பார்ப்பதற்கு ஒருவரும் இல்லாத இடத்தில், அடிவாரத்தில் சொன்ன சொல் அவர்களுடைய கால்களை நிறுத்தியது.

அப்பரடிகள் திரும்பச் சம்மதிக்கவில்லையே என்று சைவ அன்பர் கேட்கலாம். கயிலையை நோக்கி நடந்து, பாதம் தேய்ந்தபின் கையால் தவழ்ந்து, மார்பால் ஊர்ந்து, அதுவும் இயலாதபோது புரண்டு சென்றவர் அவர். இறைவனைக் காணாமல் இவ்வுடலோடு மீளேன் என்று உறுதி பூண்டவர். ஆயினும், தடாகத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுக என்ற ஆணை பிறந்ததும் அவர் தயங்கவில்லை. கயிலைக் காட்சி அவருக்குக் காவிரிக் கரையிலேயே கிடைத்தது. அவருடைய சங்கல்பம் மலையைப் பற்றியதன்று, மலைக்குரியவனைப் பற்றியது. எனவே மலையை விடுவது அவருக்குத் தோல்வியாகவில்லை.

ஏறுவது பாவம் என்று நான் கருதவில்லை. உடலின் எல்லையைத் தொட்டறிவதும் ஒருவகை ஞானமே. எதற்காக ஏறுகிறோம் என்பதையும் எங்கே நிற்போம் என்பதையும் அடிவாரத்திலேயே, மூச்சு நிறைந்திருக்கும்போதே, முடிவு செய்துகொண்டவனுக்குத்தான் அந்த ஞானம் கிட்டும். செல்வத்தையும் அதிகாரத்தையும் புகழையும் நோக்கி ஏறுகின்ற நம் எல்லோருக்குமே காற்று மேலே போகப் போகக் குறைந்துகொண்டுதான் வருகிறது.