கழித்தது எங்கே போகிறது?

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக் கொடுக்கையில் நாம் மீதியைத்தான் கேட்கிறோம். பத்திலிருந்து நான்கு போனால் ஆறு. அந்த நான்கு எங்கே போயிற்று என்று பிள்ளையும் கேட்பதில்லை, ஆசிரியரும் சொல்வதில்லை. எண்களைப் பொறுத்தவரை அதில் குற்றமில்லை. ஆனால் பொருட்களின் உலகில் கழித்தது எதுவும் இல்லாமற் போய்விடுவதில்லை. அது இடம் மாறுகிறது. என் வீடு, என் வாகனம், என் வளவு சுத்தமானால் போதும் என்று மீதியை மட்டும் பார்த்துத் திருப்தியடைகிற ஒழுக்கம், கணக்கைப் பாதியில் நிறுத்திவிடுகிறது.

இதை விளங்கிக்கொள்ள ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். பழைய காரொன்றின் ஓட்டோ கியர்பொக்ஸிலிருந்து பழைய ஒயிலை வடித்தெடுப்பதே அந்த உதாரணம். இலக்கியச் சஞ்சிகையில் கியர் ஒயிலுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் எண்ணக்கூடும். பெரிய பெரிய தத்துவக் கேள்விகளெல்லாம் இத்தகைய கறுத்த, பிசுபிசுத்த இடங்களில்தான் நம் கைக்கு எட்டுகின்றன என்பது என் எண்ணம்.

ஓட்டோ கியர் புதிய விடயமல்ல. 1940 ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி 'ஹைட்ரா-மெட்டிக்' என்ற பெயரில் அதைப் பெருந்தொகையாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நமது நாட்டில் இன்றும் பேணிக் காக்கப்படுகிற பழைய கார்களில், 1976 முதல் 1980களின் நடுப்பகுதி வரை உற்பத்தியான டபிள்யூ 123 வகை மெர்சிடிஸ் பென்ஸ் ஒன்று. அதில் ஓட்டோ கியர் பூட்டியவையும் உண்டு. சாதாரண கியர்பொக்ஸில் ஒயிலின் வேலை பற்சக்கரங்கள் தேயாமற் காப்பது. ஓட்டோ கியரில் அதற்கு வேலைகள் அதிகம். இயந்திரத்தின் விசையைச் சக்கரங்களை நோக்கிக் கடத்துவதும், உராய்வுத் தட்டுக்களை அழுத்திப் பிடித்து கியரை மாற்றுவதும், சூட்டை இழுத்து வெளியேற்றுவதும் அதே ஒயில்தான். புதிதாக இருக்கும்போது அது நன்னாரிச் சர்பத்துப் போலச் சிவந்திருக்கும். ஒழுகினால் இஞ்ஜின் ஒயிலிலிருந்து பிரித்தறியவென்றே அந்தச் சாயம் சேர்க்கிறார்கள். ஆண்டுகள் போகப்போகத் தட்டுக்களின் தேய்மானமும் உலோகத் துகளும் சேர்ந்து, சூட்டில் வெந்து, கபில நிறமாகிக் கருகல் வாடை வீசும். அப்போது வடிக்க வேண்டும்.

வடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அடித்தட்டின் திருகாணியைக் கழற்றினால் முழு ஒயிலும் வந்துவிடுவதில்லை. பாதியளவு, சில வண்டிகளில் அதிலும் கூடுதலாக, 'டோர்க் கொன்வேட்டர்' என்ற உருண்டைக்குள்ளும் குளிர்விப்பான் குழாய்களுக்குள்ளும் தங்கிவிடும். நான் சொன்ன பழைய பென்ஸ் கார்களில் அந்த உருண்டைக்கும் தனியாக ஒரு வடிதிருகாணி வைத்திருந்தார்கள். இயந்திரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, திருகாணி திறப்புக்கு நேரே வந்ததும் கழற்றலாம். பிற்காலத்து வண்டிகள் பலவற்றில் அந்த வசதி இல்லை.

இல்லாத வண்டிக்கு என்ன செய்வது? வடித்து, புதியதை நிரப்பி, ஓட்டி, மறுபடியும் வடிப்பார்கள். இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 10 லீற்றர் என்றும் ஒரு தடவையில் 4 லீற்றர் வடியும் என்றும் வைத்துக்கொள்வோம். முதல் தடவைக்குப் பின் உள்ளே இருக்கும் பழையது 6 லீற்றர். இரண்டாம் தடவைக்குப் பின் 3.6. மூன்றாம் தடவைக்குப் பின் 2.16. மூன்று தடவையிலும் வெளியே வந்தது 12 லீற்றர். அதில் 7.84 லீற்றர்தான் பழைய ஒயில். மிச்சம் 4.16 லீற்றர், நாம் காசு கொடுத்து வாங்கி ஊற்றிய புதிய ஒயில். அதுவும் அழுக்கோடு கலந்து அழுக்காகவே வெளியேறுகிறது. உள்ளே எவ்வளவு சுத்தம் வேண்டுமென்று ஆசைப்படுகிறோமோ, வெளியே அவ்வளவு கழிவு கூடுகிறது. காருக்கு மட்டுமான கணக்கல்ல இது.

சரி, அந்த 12 லீற்றர் எங்கே போகிறது?

நமது பகுதியில் பாவித்த ஒயிலை யாரும் முழுக்க வீணாக்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேலிக் கட்டைகளுக்குக் கறையான் பிடிக்காமற் பூசுவார்கள். கொங்கிறீற் பலகை ஒட்டாதிருக்கத் தடவுவார்கள். ஆனால் கட்டையில் பூசியதும் மாரி மழையில் கழுவுண்டு மண்ணுக்கே போகிறது. பூசி மிஞ்சியது வளவு மூலையிலோ வடிகானிலோ ஊற்றப்படும். வடிகான் போய்ச் சேருமிடம் வாவி.

"கொஞ்சந்தானே சேர், ஆத்தோட போயிரும்" என்பது கராஜ்களில் கேட்கிற வழமையான பதில். வாவியை நமது மக்கள் 'ஆறு' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆறு என்றால் ஓடும். ஓடுகிற நீர் எதையும் கொண்டுபோய்விடும் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி கடலோடு சேர்வது பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலுமாக இரண்டே இடங்களில். கோடையில் மணல் திட்டு எழும்பி முகத்துவாரத்தை அடைத்துவிடும். மாரி வந்து வெட்டித் திறக்கும் வரை உள்ளே போட்டது உள்ளேயே கிடக்கும். இறால் குஞ்சும் நண்டும் வளர்கிற கண்டல் வேர்களுக்கிடையில் கிடக்கும். தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிக்கலாகாது என்ற நபிவழித் தடையைச் சிறு பராயத்திலேயே மத்ரஸாவில் படித்தவர்கள் நாம். சிறுநீரையே விலக்கிய நீரில் கருகிய ஒயிலை ஊற்றலாமா என்று தனியாக ஒரு ஃபத்வா தேட வேண்டியதில்லை.

வளவில் ஊற்றினாலும் இதே கதைதான். வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மணற்பாங்கான நிலத்தில் நன்னீர் அதிக ஆழத்தில் இல்லை. மணல் எதையும் தடுத்து நிறுத்தாது. ஒரு தடவை மாற்றும் இஞ்ஜின் ஒயில் 10 இலட்சம் கலன் நன்னீரைப் பழுதாக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கிறது. கியர் ஒயிலை அதைவிடச் சாதுவானது என்று நம்புவதற்கு இடமில்லை.

நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தால் என்ன நடக்கும் என்பதை அறிய நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மக்களின் கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. அங்கு இயங்கிய தனியார் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்றும், அது ஆகக்கூடியது 500 குடியிருப்பாளர்களுக்கு, ஒருவருக்கு 40,000 ரூபாவுக்கு மேற்படாமல், கிணற்றைத் துப்புரவாக்கும் செலவில் ஒரு பங்காக வழங்கப்பட வேண்டும் என்றும் நீதிமன்றம் கட்டளையிட்டது. அழுக்காக்கியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

சுன்னாகத்தில் கைகாட்ட ஒரு நிறுவனம் இருந்தது. நமது வாவியில் யாரைக் காட்டுவது? நூறு கராஜ்களும் ஆயிரம் வாகனக்காரரும் ஆளுக்குக் கொஞ்சமாக ஊற்றுகிறார்கள். ஒருவர் ஊற்றாமல் விட்டாலும் வாவியில் வித்தியாசம் தெரியாது. அப்படியானால் அவர் ஊற்றியது எப்படிக் குற்றமாகும்? இக்கட்டுரையின் கடினமான கேள்வி இதுதான்.

ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் டெரெக் பார்ஃபிட் 1984 இல் வெளியான தனது நூலில் ஒரு கற்பனையைச் சொல்கிறார். பாலைவனத்தில் பெருந்தொகையானோர் தாகத்தால் தவிக்கிறார்கள். இன்னும் பத்தாயிரம் பேர் ஆளுக்கு ஒரு குவளைத் தண்ணீரை ஒரு வண்டித் தொட்டியில் ஊற்றுகிறார்கள். அந்த நீர் எல்லோருக்கும் பங்கிடப்படும். எந்த ஒருவரின் குவளையாலும் எந்த ஒரு தாகமும் கண்ணுக்குத் தெரியும்படி தணிவதில்லை. எனினும் பத்தாயிரம் குவளைகளும் சேர்ந்து உயிர்களின் தவிப்பைத் தீர்க்கின்றன. ஆகவே தனித்துத் தெரியவில்லை என்பதற்காக ஒரு குவளையின் நன்மையை இல்லையென்று சொல்லிவிட முடியாது. இதைத் திருப்பிப் போட்டால் நமது வாவி. தண்ணீர்க் குவளைக்கு நன்மை உண்டென்றால் ஒயில் குவளைக்குத் தீமையும் உண்டு. அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் கணக்கில் வரும் என்று ஈமான் கொண்ட சமூகத்துக்கு இது புதிய பாடமாக இருக்க நியாயமில்லை.

இந்தப் பழியை மெக்கானிக்கின் தலையில் போட்டுவிட்டு நகர்வது நமக்கு இலகு. அது நீதியாகாது. நாள் முழுக்க வண்டிக்குக் கீழே மல்லாந்து கிடந்து கூலி பெறுகிறவரிடம், பணம் கொடுத்தவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "கியர் இப்ப இழுக்காமல் மாறுதா?" வடித்ததை என்ன செய்தாய் என்று கேட்பதில்லை. அதற்கென்று ஒரு சதமும் கொடுப்பதில்லை. வடித்தது யாருக்காக? வாகனச் சொந்தக்காரருக்காக. பழைய ஒயில் அவருடைய காரிலிருந்து வந்தது. கை மாறியதால் பொறுப்பும் மாறிவிட்டது என்று நினைப்பது நமது வசதிக்காக நாமே செய்துகொண்ட ஏற்பாடு. சட்டம் இல்லாமலும் இல்லை. 2008 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒழுங்குவிதிகள் பாவித்த ஒயிலைப் பட்டியலிட்ட கழிவுகளுள் சேர்த்து, அதைச் சேகரிக்கவும் கொண்டுசெல்லவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்கின்றன. ஆனால் கேட்பாரில்லாத இடத்தில் சட்டம் காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

"வேறு வழியில்லையே" என்பார்கள். அதற்குப் பதிலாக இந்த ஒயிலின் பழைய சரித்திரம் ஒன்றைச் சொல்லலாம். 1970களின் ஆரம்பம் வரை ஓட்டோ கியர் ஒயிலில் ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் கலக்கப்பட்டது. நமது திருகோணமலைக் கடலிலும் நீந்துகிற அதே பெரிய தலைத் திமிங்கிலந்தான். உராய்வுத் தட்டுக்கள் வழுக்காமலும் உதறாமலும் சேர அதற்கு ஈடு எதுவுமில்லை என்று கருதினார்கள். 1970 இல் அமெரிக்கா அதை அழிவை எதிர்நோக்கும் உயிரினமாகப் பட்டியலிட்டுத் தடுத்தபோது வேறு வழி தேட வேண்டியதாயிற்று. மாற்று உடனே சரிவரவில்லை. ஆரம்ப மாற்றொன்று குளிர்விப்பானின் உலோக இணைப்புக்களை அரித்தது. அதைத் திருத்தினார்கள், பிறகு நிலைநின்றது. கார்கள் இன்றும் ஓடுகின்றன. கியர் உதறாமல் மாறுவதற்கு ஒரு திமிங்கிலம் செத்திருக்கிறது என்று அன்று காரோட்டியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? வசதி எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் கேட்கவில்லை. எங்கே போய் முடிகிறது என்று நாம் கேட்கவில்லை.

வழி பெரிய வழியல்ல. வடித்ததைப் பெற்றோலோ பெயின்ற் தின்னரோ கலவாமல் மூடியுள்ள கலனில் எடுத்து வைக்கலாம். அனுமதிப்பத்திரம் பெற்ற சேகரிப்பவரிடம் கொடுக்கும் கராஜைத் தேடிப் போகலாம். அப்படி ஒன்று ஊரில் இல்லையென்றால், ஒரு பொதுப் பீப்பாவை வைத்துச் சேகரிப்பவரை அழைப்பிக்கும்படி நகர சபையையும் பிரதேச சபையையும் கேட்கலாம். பள்ளிவாசல் நிருவாகங்கள் ஜும்ஆவுக்குப் பின் ஓர் அறிவித்தலில் இதைச் சொல்லலாம். சேர்விஸ் செலவோடு சில நூறு ரூபா கூடலாம். கூடட்டும், அது நாம் கொடுக்காமல் வைத்திருந்த கடன்தான்.

திருகாணியைக் கழற்றும் முன்னரே "இதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள், தம்பி?" என்று கேட்டுவிட வேண்டும். வடித்த பிறகு கேட்டால், ஒயில் பெரும்பாலும் வடிகானைத் தாண்டியிருக்கும்.